படத்தின் கீழ் வருடம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் பிறந்து 250 ஆண்டு நிறைந்ததையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் அந்த நாவல்களை ஊன்றிப் படித்தவர் என்பது வரிக்கு வரி தெரிந்தது. நான் எழுத வந்தது கட்டுரைக்கு நடுவே அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்த படத்தைப் பற்றி. ஒரு வரவேற்பறையில் நான்கு பெண்கள் நிற்கிறார்கள். இடுப்பு ஒடுங்கி, அதற்குக் கீழே பாவாடை பஞ்சாரத்தைக் கவிழ்த்த மாதிரி விரிந்து தரையைத் தொடுகிறது. அடியில் 'ஆஸ்டின் காலத்துப் பெண்கள்' என்று ஒரு வரி. வரைந்தவர் பெயர் இல்லை, வருடமும் இல்லை.

அந்தப் பாவாடைக்குள் எஃகு வளையக் கூடு இருக்கிறது. அதற்குக் காப்புரிமை பதிவானது 1856-இல். ஆஸ்டின் இறந்தது 1817 ஜூலை 18. அவர் கண்ணால் பார்த்தே இராத உடையை அவருடைய பெண்களுக்கு மாட்டிவிட்டிருக்கிறோம்.

இதற்கா ஒரு கடிதம் என்று தோன்றலாம். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள். இதே தப்பை நானே செய்து, அதனால் ஒரு பிள்ளை மேடையில் அழுததைப் பார்த்தவள்.

1989-இல் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலிலிருந்து ஒரு காட்சியை ஆங்கில நாடகமாகப் போட்டார்கள். லேடி கேதரின் என்ற பணக்காரச் சீமாட்டி, முன்பின் சொல்லாமல் பென்னட் வீட்டுக்கு வந்து எலிசபெத்தை மிரட்டும் கட்டம். உடை என் பொறுப்பு. பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து யாரோ வெட்டி வைத்திருந்த படம் கிடைத்தது. 'ஜேன் ஆஸ்டின் கதையில் ஒரு காட்சி' என்று அடியில் இருந்தது, வருடம் இல்லை. அதைப் பார்த்து ஐந்து பிள்ளைகளுக்கும் பிரம்பு வளையம் கட்டிப் பாவாடை தைத்தேன். ஒரு பாவாடைக்கு ஏழு கெஜம் பாப்ளின் பிடித்தது. பதினொரு நாள் ராத்திரி உட்கார்ந்து ஓரம் அடித்தேன். மேடையில் சோபா ஒன்று, நாற்காலி இரண்டு. சீமாட்டி உள்ளே வந்ததும் எல்லாரும் உட்கார வேண்டும். எஃகு வளையமாக இருந்தால் மடிந்து கொடுத்திருக்கும், பிரம்பு கொடுக்கவில்லை. எலிசபெத்தாக நடித்த பிள்ளை உட்கார்ந்ததும் பாவாடையின் முன்பக்கம் அப்படியே மேலே தூக்கிக்கொண்டது. அவள் எழுந்து நின்று, வசனத்தை மறந்து, அழ ஆரம்பித்தாள். திரையை இழுத்துவிட்டார்கள்.

பல வருடம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகுதான், அந்தக் காட்சிக்கு அந்த உடை சேராது என்று தெரிந்துகொண்டேன். தங்கை மகள் இணையத்திலிருந்து பழைய பதிப்புகளின் படங்களை எடுத்து அச்சிட்டுக் கொடுத்தாள். நாவலை ஒரு பக்கமும் படங்களை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தேன். எனக்கு விளங்கியது இது: அந்த நாவல்களில் உடை, அறை, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது மூன்றும் ஒரே துணியில் வெட்டியவை. உடையை மாற்றிவிட்டால் மற்ற இரண்டும் நடக்காது.

ரீஜென்சி காலம் என்று ஆங்கிலேயர் சொல்வது 1811 முதல் 1820 வரை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனநலம் குன்றியதால் அவர் மகன் பிரதிநிதியாக இருந்து ஆண்ட வருடங்கள். அப்போதைய கவுனுக்கு இடுப்புக்கோடு மார்புக்கு அடியிலேயே வந்துவிடும். அங்கிருந்து துணி நேராக இறங்கும். முன்னால் சுருக்கு குறைவு. முதுகுப் பக்கம் நடுவில் மட்டும் நெருக்கிச் சுருக்கு பிடித்திருப்பார்கள். வெள்ளை மஸ்லின்தான் அதிகம். உள்ளே ஒரு உட்சட்டை, ஒரு கச்சு, ஒரு உள்பாவாடை. வெளியே கிளம்பினால் இடுப்புக்கோட்டோடு நின்றுவிடும் குட்டைக் கோட்டு. அதற்கு ஸ்பென்சர் என்று பெயர். குளிருக்குக் கால் வரை இறங்கும் நீளக் கோட்டு. அதற்கு பெலீஸ் என்று பெயர். முன்பெல்லாம் அகலப் பாவாடைக்கு உள்ளே இடுப்பில் பை கட்டிக்கொள்வார்கள். இந்த மெல்லிய கவுனுக்குள் கட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் சுருக்குப்பை கைக்கு வந்தது. பழுப்புப் பட்டில் ஓக் இலை போட்ட பெலீஸ் ஒன்று, ஆஸ்டின் அணிந்ததாகச் சொல்லப்படுவது, ஹாம்ப்ஷயரில் இன்றைக்கும் பாதுகாப்பாக இருக்கிறது. அதன் தையலைக் கிட்டப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. படத்தில் பார்த்ததற்கே மனம் நிறைந்துபோனது.

இந்த உடையில்தான் எலிசபெத் மூன்று மைல் நடக்கிறாள். அக்கா ஜேன், ஊருக்குப் புதிதாக வந்த பிங்லி என்பவரின் வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சலாகப் படுத்துவிடுகிறாள். வண்டி கிடைக்கவில்லை, எலிசபெத்துக்குக் குதிரையேற்றம் பழக்கமில்லை. எலிசபெத் வேலிப் படிகளைத் தாண்டி, தேங்கிய தண்ணீரைக் குதித்துக் கடந்து போய்ச் சேருகிறாள். அவள் தலை மறைந்ததும் அந்த வீட்டுப் பெண்கள் பேசுகிறார்கள்: உள்பாவாடையில் ஆறு அங்குலம் சேறு, அதை மறைக்கக் கவுனை இறக்கி விட்டிருந்தாளே, மறைந்ததா என்று. தைக்கத் தெரிந்தவருக்கு இந்த ஒரு வரி போதும். நடக்கும்போது கவுனைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், சேறு உள்பாவாடையோடு நின்றது, வாசலுக்கு வந்ததும் கவுனை இறக்கி விட்டாள். அரை அடிச் சேறு. வளையப் பாவாடை கட்டியவள் ஒரு வேலிப் படியைக்கூட ஏறித் தாண்டியிருக்க மாட்டாள். நீங்கள் போட்ட படத்தில் இருக்கும் பெண் அக்காவைப் பார்க்கப் போகவே முடியாது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்கிறேன். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813 ஜனவரியில் மூன்று பாகமாக வந்தது. விலை 18 ஷில்லிங். உள்ளே ஒரு படமும் கிடையாது. ஆஸ்டின் உயிரோடு இருந்தவரை இங்கிலாந்தில் அவருடைய எந்த நாவலிலும் படம் வந்ததில்லை. படம் போட்ட முதல் ஆங்கிலப் பதிப்பை 1833-இல் பெண்ட்லி என்ற பதிப்பாளர் கொண்டுவந்தார். ஃபெர்டினண்ட் பிக்கரிங் வரைந்து, கிரேட்பேட்ச் செதுக்கியது. புத்தகத்துக்கு இரண்டே படம். அதிலேயே எலிசபெத்தின் உடை மாறிவிட்டது. கதை வெளிவந்து இருபது வருடத்தில் இடுப்புக்கோடு கீழே இறங்கிவிட்டது. கை தோளில் பலூன் மாதிரி உப்பி மணிக்கட்டில் ஒடுங்குகிறது. அது 1830-களின் கை. அன்றைக்குக் கடைத்தெருவில் பார்த்த உடையை ஓவியர் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர் காலத்து வாசகர்களுக்கு எலிசபெத் பக்கத்து வீட்டுப் பெண்ணாகத் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் 1813-இன் பெண் அவள் இல்லை.

இன்றைக்கு நம் மனதில் இருக்கும் ஆஸ்டின் படம் வந்தது 1894-இல். ஜார்ஜ் ஆலன் பதிப்பகத்துக்காக ஹியூ தாம்சன் வரைந்தது. அட்டையில் பொன்னிறத்தில் தோகை விரித்த மயில் இருப்பதால் அதை மயில் பதிப்பு என்பார்கள். தலைப்புப் படம், முதலெழுத்து அலங்காரம் எல்லாம் சேர்த்து 160 சித்திரம். தாம்சன் 1860-இல் அயர்லாந்தின் கோல்ரேன் ஊரில் பிறந்தவர். அதாவது கதை வந்து 47 வருடம் கழித்து. பாட்டி காலத்தை ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்து வரைந்தவர் அவர். இன்னொரு காரணமும் உண்டு. பேனாக் கோட்டை அப்படியே புகைப்பட முறையில் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, எழுத்தோடு சேர்த்து அச்சடிக்கும் வசதி அப்போது வந்திருந்தது. என் கணவர் அச்சகத்தில் இருந்தவர். 'ஜிங்க் ப்ளாக்' என்று அவர் அடிக்கடி சொன்னது இதைத்தான் என்று இந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதனால்தான் தாம்சனின் கோடு முடி இழை மாதிரி ஓடுகிறது. அறையை அவர் அதிகம் வரைவதில்லை. ஒரு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, மற்ற இடமெல்லாம் வெள்ளைத் தாள். பார்ப்பவர்களின் கண் நேராக முகத்துக்கும் குனியும் முதுகுக்கும் போய்விடும். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வந்து வணங்கும் தருணத்தை அவர் அளவுக்கு யாரும் பிடித்ததில்லை என்பது என் எண்ணம். உடையில் மட்டும் சில இடங்களில் இன்னும் முந்தைய காலத்துச் சாயல் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

அடுத்த வருடமே, 1895-இல், மேக்மில்லன் பதிப்புக்குச் சார்லஸ் எட்மண்ட் பிராக் நாற்பது படம் வரைந்தார். பிறகு 1907-இல் டென்ட் பதிப்புக்கு வண்ணத்தில். அவரும் தம்பி ஹென்ரியும் கேம்பிரிட்ஜில் ஓவியக்கூடம் வைத்திருந்தார்கள். பழைய நாற்காலி, மேஜை, பழைய உடைகள் எல்லாம் அங்கே சேர்த்து வைத்து, வீட்டாரையே உடுத்தி நிற்க வைத்து வரைந்தார்கள். அது படத்தில் தெரிகிறது. துணி உண்மையான உடம்பின்மேல் விழுந்திருக்கிறது. உட்கார்ந்தால் முழங்காலில் எங்கே மடிப்பு விழும், எழுந்தால் முதுகுச் சுருக்கு எப்படி விரியும் என்பதைப் பார்த்து வரைந்த கை. அறையும் சாமான்களோடு இருக்கிறது. எங்கள் பள்ளி நாடகத்துக்கு முன்னால் இந்தப் படங்களில் ஒன்றே ஒன்று கிடைத்திருந்தால் போதும்.

வீட்டுக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படங்களைப் பற்றிப் பேச முடியாது. புதிதாக ஊருக்கு வந்தவரைக் குடும்பத் தலைவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் வீட்டுப் பெண்கள் அவரோடு பழகலாம். எலிசபெத்தின் அப்பா பென்னட் போய்ப் பார்த்தாரா இல்லையா என்பதில்தான் கதையே தொடங்குகிறது. அவர் போய் வந்ததற்கு மறுமரியாதையாகப் பிங்லி வருகிறார். பத்து நிமிடம் பென்னட்டின் புத்தக அறையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பெண்களுக்கு அவர் முகம் தெரியவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு தகவல்: நீலக் கோட்டு, கறுப்புக் குதிரை. உடையைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதும் ஆஸ்டின் இந்த நீலக் கோட்டை வேண்டுமென்றே எழுதியிருக்கிறார். தாம்சன் அந்தக் கறுப்புக் குதிரைக்காகவே ஒரு படம் போட்டார்.

'காலை வருகை' என்று நாவலில் வந்தால் நம் காலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாலைச் சாப்பாட்டுக்கு முன்பு எல்லாமே அவர்களுக்குக் காலைதான். பிங்லி வீட்டில் பெண்கள் ஐந்து மணிக்கு உடை மாற்றப் போகிறார்கள். ஆறரைக்குச் சாப்பாட்டு மணி. நடுவில் ஒன்றரை மணி நேரம். பகல் உடைக்குக் கழுத்து மூடி, கை நீளம். மாலைக்குக் கழுத்து இறங்கி, சின்ன பஃப் கை. ஒரு படத்தைப் பார்த்து அது பகலா மாலையா என்று கழுத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அறை விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 'பெர்சுவேஷன்' நாவலில் வருகிறது. கதாநாயகி ஆனும் அவள் தங்கையும், தங்கையின் மாமனார் வீட்டுக்குப் போய் முழு அரை மணி நேரம் உட்கார வேண்டும். பழைய சதுர அறை, சின்னக் கம்பளம், பளபளக்கும் தரை. அந்த வீட்டுப் பெண்கள் அதற்குள் பியானோவையும் யாழையும் பூத்தட்டுகளையும் சின்னச் சின்ன மேஜைகளையும் எல்லாப் பக்கமும் போட்டுவைத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டிய முன்னோர்களின் படங்கள் இந்த அலங்கோலத்தைப் பார்த்துத் திகைப்பது போல இருக்கிறதாம். இது கற்பனை இல்லை, அன்றைக்கு நடந்த மாற்றம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லாரும் முகம் பார்த்து உட்கார்ந்த பழைய அறையையும், ஆளுக்கொரு மூலையில் படித்துக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருக்கும் புதிய அறையையும் ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற தோட்டக்கலைஞர் 1816-இல் பக்கத்தில் பக்கத்தில் படமாகவே போட்டுக் காட்டியிருக்கிறார். 'எம்மா' நாவலில் இதே சண்டை ஒரு மேஜையில் நடக்கிறது. நாற்பது வருடமாக அப்பா இரண்டு வேளை சாப்பிட்ட சின்ன மடக்கு மேஜையை எடுத்துவிட்டுப் பெரிய வட்ட மேஜையைப் போட எம்மா ஒருத்தியால்தான் முடிந்ததாம். வட்ட மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் நெருங்கி உட்கார வேண்டுமானால் அந்த ஒடுங்கிய மஸ்லின் கவுன் வேண்டும். வளையப் பாவாடையில் நான்கு பேரே அறையை அடைத்துக்கொள்வார்கள்.

எங்கள் பிள்ளைகள் நடிக்க வேண்டியிருந்த காட்சியிலும் அறை இருக்கிறது. லேடி கேதரின் வந்து உட்கார்ந்ததும், இந்த அறை கோடைகால மாலைக்கு ஆகாது, ஜன்னல் எல்லாம் மேற்கே பார்த்திருக்கிறது என்கிறார். அவர் வீட்டில் ஒரு கணப்படுப்பின் சுற்றுவேலைக்கு மட்டும் 800 பவுண்டு ஆனது. இந்த மேற்கு ஜன்னலும் வீட்டாரோடு அவர் உட்கார்ந்த நாற்காலியும் இல்லாமல் அந்த அவமதிப்பு மேடையில் ஏறாது.

ஆஸ்டின் தன் பெண்களை எப்படி உடுத்திப் பார்த்தார் என்பதற்கு அவர் கையாலேயே ஒரு சாட்சி உண்டு. 1813 மே 24 அன்று லண்டனிலிருந்து அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதம். ஓவியக் கண்காட்சி ஒன்றுக்குப் போய், திருமதி பிங்லியின், அதாவது கதையில் வரும் ஜேனின், படத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்ச்சியோடு எழுதுகிறார். முகம், உருவம், இனிமை எல்லாம் அவளேதான். வெள்ளைக் கவுன், பச்சை அலங்காரம். பச்சை அவளுக்குப் பிடித்த நிறம் என்று எப்போதுமே நினைத்திருந்தேன் என்கிறார். எலிசபெத்தின் படத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. அவள் மஞ்சளில் இருப்பாள் என்று எழுதுகிறார். ஜேனுக்கு வெள்ளையும் பச்சையும், எலிசபெத்துக்கு மஞ்சள். எழுதியவர் சொன்ன நிறம் இது.

கடைசியாக எங்கள் ஊர் விஷயம். நான் கடலூர்க்காரி. தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் புனித டேவிட் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. ஆஸ்டினின் அப்பாவுக்கு ஃபிலடெல்ஃபியா என்று ஒரு அக்கா. 1745-இல் லண்டன் கோவன்ட் கார்டனில், தொப்பியும் லேஸும் தைத்து விற்கும் ஒரு பெண்ணிடம் தொழில் பழகச் சேர்ந்தவர். 1752-இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். 1753 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். கல்யாணம் நடந்தது கடலூரில். நாவலாசிரியரின் சொந்த அத்தை, ஊசி நூல் பிடித்துப் பழகிய கையோடு எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

அந்த வெள்ளை மஸ்லினில் உயர்ந்த ரகம் நம் நாட்டிலிருந்து, வங்கத்திலிருந்து போனது. 'நார்தாங்கர் அபே' நாவலில் ஹென்ரி டில்னி, தங்கைக்கு அசல் இந்திய மஸ்லின் கெஜம் 5 ஷில்லிங்குக்கு வாங்கியதாகப் பெருமைப்படுகிறார். எதிரே இருக்கும் இளம்பெண்ணின் கவுனைப் பார்த்து, துவைத்தால் பிசிறு விடும் என்று பயப்படுகிறார். அந்த விலையில் பார்த்தால் 18 ஷில்லிங் நாவலுக்கு மூன்றரை கெஜத்துக்குச் சற்று மேலே துணி வரும். அப்படிப்பட்ட துணியைப் படத்தில் மறைத்துவிட்டு எஃகு வளையத்தைக் காட்டுவது எனக்குத் தாங்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, படம் போடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. 1833 படமானாலும் 1894 படமானாலும் போடுங்கள். 'ஹியூ தாம்சன், 1894' என்று ஒரு வரி அடியில் சேருங்கள். வாசகருக்கு அது எத்தனை வருடம் கழித்து வரைந்தது என்று தெரிந்துவிடும். நாவல் காலத்துப் படமே வேண்டுமானால், 1809 முதல் லண்டனில் ஆக்கர்மன் நடத்திய இதழின் உடைப் படங்கள் இருக்கின்றன, மாதமும் வருடமும் போட்டு. அந்த இதழில் உண்மையான துணித் துண்டுகளையே ஒட்டிக்கூட வெளியிட்டிருக்கிறார்கள். தாம்சன் 1920-இல் இறந்தார், மூத்த பிராக் 1938-இல். இருவரின் படங்களுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வரும் ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் வெளியிட்டால் நன்றியோடு இருப்பேன். ஏதாவது ஒரு பள்ளியில் ஒரு தையல் டீச்சர் உங்கள் படத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கக்கூடும். என்னிடம் இருக்கும் படங்களில் ஆறைப் பின்பக்கம் ஓவியர் பெயரும் வருடமும் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
கடலூர்.